ஹாம்பருக்கு அடுத்து என்ன? டர்பனில் ஓர் உள்ளூர் அமைப்பு ஊர்த் தொழிலை வளர்க்கும் வழி: முழுமையான வழிகாட்டி

டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ஹாம்பர் கொடுக்காத அமைப்பு ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். அரிசி, எண்ணெய், பருப்பு, ஒரு பாக்கெட் டீத்தூள். தீபாவளிக்கு ஒரு வரிசை, கிறிஸ்துமஸுக்கு ஒரு வரிசை, வெள்ளம் வந்தால் இன்னொரு வரிசை. இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட்டின் குடிநீர் நிலையம் சேதமடைந்து, ஜனங்கள் மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்தபோது, கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் சின்னச் சின்னக் குழுக்களும்தான் ஓடி வந்தன.

ஆனால் அதே வரிசையில் அதே முகங்களை வருடா வருடம் பார்க்கும்போது, குழுவில் யாராவது ஒருவர் கேட்டே தீருவார்: “சரி, இவங்களுக்கு ஒரு வருமானத்துக்கு வழி பண்ண முடியாதா?” அந்தக் கேள்வி வந்துவிட்ட குழுக்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோயில் கமிட்டி, தமிழ்ச் சங்கம், மகளிர் குழு, முதியோர் மன்றம் எதுவானாலும் சரி. டர்பனையும் சுற்றுவட்டாரத்தையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். சட்டப் பகுதி மட்டும் தென்னாப்பிரிக்கா முழுவதுக்கும் ஒன்றுதான்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு உதவுவது என்றதும் எல்லோரும் கடனைத்தான் நினைக்கிறார்கள். நம் ஊர்ச் சிறு வியாபாரிக்கு முதலில் வேண்டியது காகிதம், அதாவது பதிவும் சான்றிதழும்; அடுத்தது வாடிக்கையாளர். கடன் கடைசி. இந்த வரிசையை மாற்றிய குழு, வியாபாரியைக் கடனாளியாக்கிவிட்டு நிற்கும்.

முதலில் நடந்து பாருங்கள்

திட்ட அறிக்கை எழுத உட்காராதீர்கள். நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதியில் நடங்கள். சாட்ஸ்வர்த்தில் இருப்பவர்கள் வெஸ்ட்கிளிஃப் பக்கம் பங்களாதேஷ் மார்க்கெட்டிலிருந்து தொடங்கலாம். கொத்தமல்லி, மடும்பி (சேப்பங்கிழங்கு), கறிவேப்பிலை, உயிர்க்கோழி, ஊறுகாய், சேலை, பூஜைச் சாமான் எல்லாம் அங்கே ஒரே கூரைக்கும் கூடாரத்துக்கும் கீழே கிடைக்கும். ஒவ்வொரு மேசையிலும் மூன்று கேள்வி கேளுங்கள். சரக்கு எங்கிருந்து வருகிறது? யார் வாங்குகிறார்கள்? எந்த வாரம் கைகட்டி நிற்கிறீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் தங்கம். மாத முதல் வாரம் சாஸ்ஸா என்கிற அரசு உதவித்தொகை நிறுவனத்தின் பென்ஷன் வருவதால் எல்லோருக்கும் ஓட்டம் இருக்கும். மூன்றாவது வாரம் காய்கறிக்காரருக்கு அழுகல், முறுக்குக்காரருக்குத் தேக்கம். புரட்டாசியில் தமிழ்க் குடும்பங்கள் பாதி சைவத்துக்குப் போய்விடுவதால் கோழிக்காரர் முகம் வாடும், பீன்ஸ்காரர் சிரிப்பார். இதையெல்லாம் எந்த அரசு அறிக்கையும் சொல்லாது.

வீட்டுக்குள் நடக்கும் தொழிலை மறந்துவிடாதீர்கள். ஃபிளாட்டின் மூன்றாவது மாடியில் சமோசா மடிக்கும் ஆன்ட்டி, கராஜில் கார் சீட் தைக்கும் அண்ணன், இரவில் பூ கட்டும் ஆயா. இவர்களுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கோயிலில் கேட்டால் தெரிந்துவிடும்.

பக்கத்து ஊரையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சாட்ஸ்வர்த்துக்கு அந்தப் பக்கம் உம்லாசி, ஃபீனிக்ஸை ஒட்டி இனாண்டாவும் குவாமாஷுவும். 2021 ஜூலைக் கலவரத்தில் ஃபீனிக்ஸ் பக்கம் உயிர்கள் போயின, கடைகள் எரிந்தன, நம்பிக்கையும் உடைந்தது. தமிழருக்கு மட்டும் என்று ஒரு திட்டம் போட்டால் அந்த உடைப்பு ஆழமாகும், திட்டமும் உருப்படாது. வாங்குகிறவரில் பெரும்பாலோர் ஸூலு பேசுகிறவர்கள். குழுவில் ஸூலு பேசும் ஒருவராவது முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். அவரை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்ளாமல், முடிவெடுக்கிறவராக வைத்துக்கொள்ளுங்கள்.

அமைப்புக்குச் சட்ட உருவம்

மூன்று வழிகள் உண்டு. தன்னார்வச் சங்கம், டிரஸ்ட், லாபநோக்கற்ற கம்பெனி. டிரஸ்ட்டுக்கு உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் போக வேண்டும். கம்பெனி என்றால் குறைந்தது 3 இயக்குநர்கள் வேண்டும், கம்பெனிப் பதிவு ஆணையமான சி.ஐ.பி.சி.யில் பதிய வேண்டும், வருடா வருடம் ரிட்டர்ன் கட்ட வேண்டும். தொடங்கும் குழுவுக்குத் தன்னார்வச் சங்கமே போதும் என்பது என் எண்ணம். எழுதிய விதிமுறைகளும் நேர்மையான பொருளாளரும் இருந்தால் வண்டி ஓடும்.

அதற்கு மேல் இரண்டு பதிவுகள். முதலாவது, 1997-ஆம் வருட லாபநோக்கற்ற அமைப்புகள் சட்டத்தின் கீழ் சமூக மேம்பாட்டுத் துறையில் என்.பி.ஓ. எண். இதற்குக் கட்டணம் கிடையாது. “சீக்கிரம் வாங்கித் தருகிறேன், 1,500 ரேண்ட் கொடுங்கள்” என்று யாராவது வந்தால் வாசலைக் காட்டுங்கள். எண் கிடைத்த பிறகு, ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த 9 மாதத்துக்குள் செயல் அறிக்கையும் கணக்கும் அனுப்ப வேண்டும். அனுப்பாமல் விட்டால் பதிவு ரத்தாகும். எண் வாங்கும்போது இருந்த உற்சாகம் இரண்டாம் வருடம் அறிக்கை அனுப்பும்போது இருக்காது. நிறைய குழுக்கள் இங்கேதான் விழுகின்றன.

இரண்டாவது, வரித் துறையான சார்ஸில் பி.பி.ஓ., அதாவது பொதுநல அமைப்பு என்ற அங்கீகாரம். வருமான வரிச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு. இதில் நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. பொறுப்பில் குறைந்தது 3 பேர் வேண்டும், அவர்கள் ஒருவருக்கொருவர் உறவினராக இருக்கக் கூடாது. தலைவர் மாமா, செயலாளர் அத்தை, பொருளாளர் அவர்கள் மகன் என்றால் செல்லாது. கட்சி அரசியலுக்கு அமைப்பின் பணமோ இடமோ போகக் கூடாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. தேர்தல் நேரத்தில் கவுன்சிலர் ஹாலை இலவசமாகக் கேட்கும்போது இந்த வரியை எடுத்துக் காட்டலாம், சண்டை வராது.

பி.பி.ஓ. கிடைத்தால் 18ஏ அங்கீகாரமும் சேர்த்துக் கேளுங்கள். அது இருந்தால் நன்கொடை கொடுப்பவர் தன் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். எல்லா வேலைக்கும் அது கிடைக்காது, ஒன்பதாம் அட்டவணையின் இரண்டாம் பகுதியில் இருக்கும் வேலைகளுக்கு மட்டும்தான். வறியவர்களுக்கான சமூக மேம்பாடு, வளரும் குறுந்தொழில்களுக்குப் பயிற்சியும் ஆதரவும் என்பவை அந்தப் பகுதியில் இருக்கின்றன. கோயில் பூஜை 18ஏ-யில் வராது. ஆகவே பூஜைக் கணக்கும் தொழில் மேம்பாட்டுக் கணக்கும் வேறு வேறு வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். முடிந்தால் வேறு வேறு அமைப்பாகவே பிரித்துவிடுங்கள். 2023 மார்ச்சிலிருந்து 18ஏ ரசீதில் கொடுப்பவரின் அடையாள எண், வரி எண், முகவரி எல்லாம் கேட்கிறார்கள். பழைய ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிப் போடுங்கள்.

காகித மேசை

இதுதான் என் கண்ணில் ஓர் உள்ளூர் அமைப்பு செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம். செலவும் அதிகமில்லை. சனிக்கிழமை காலையில் கோயில் ஹாலில் ஒரு மேசை, ஒரு லேப்டாப், ஒரு பிரின்டர், டேட்டா, பொறுமையுள்ள ஒருவர். வியாபாரிகள் ஒவ்வொருவராக வந்து தங்கள் காகிதத்தைச் சரிசெய்துகொண்டு போவார்கள்.

என்னென்ன காகிதம்?

தனியாளாகத் தொழில் செய்கிறவர் கம்பெனி தொடங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. சொந்தப் பெயரில் சார்ஸ் வரி எண் இருந்தாலே தொடங்கலாம். ஆனால் பெரிய நிறுவனத்துக்கோ அரசுக்கோ விற்கப் போகிறார் என்றால் கம்பெனி இருப்பது நல்லது. சி.ஐ.பி.சி.யில் சாதாரண பிரைவேட் கம்பெனிக்கு 125 ரேண்ட், பெயரைப் பதிவு செய்துவைக்க 50 ரேண்ட். அதையே தெருமுனைக் கடைகளில் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு செய்து தருகிறார்கள்.

அடுத்தது பி-பி.பி.இ.இ. அஃபிடவிட்: கறுப்பினத்தவரின் பொருளாதார மேம்பாட்டுச் சட்டப்படி தொழில் யாருடைய சொந்தம், எந்த நிலை என்று காட்டும் சத்தியப் பத்திரம். வருடத்துக்கு 1 கோடி ரேண்டுக்குள் விற்றுமுதல் உள்ள தொழிலுக்கு ஏஜென்சி சான்றிதழ் தேவையே இல்லை. அரசு படிவத்தை நிரப்பி, போலீஸ் நிலையத்தில் சத்தியம் செய்து முத்திரை வாங்கினால் 12 மாதம் செல்லும், காசு கிடையாது. சட்டத்தில் கறுப்பினத்தவர் என்ற வரையறைக்குள் இந்தியத் தென்னாப்பிரிக்கரும் வருகிறார்கள். முழுக்க அவர்கள் சொந்தமாக நடத்தும் சிறு தொழில் தானாகவே முதல் நிலை, 51 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் இரண்டாம் நிலை. இது தெரியாமல் ஆயிரக்கணக்கில் கொடுத்து “சர்டிஃபிகேட்” வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1994-க்குப் பிறகு குடியேறிக் குடியுரிமை வாங்கியவர்கள் பொதுவாக இந்த வரையறையில் வரமாட்டார்கள். அதைப் பக்குவமாக எடுத்துச் சொல்வதும் மேசைக்காரரின் வேலை.

அரசுக்கு விற்க மத்திய சப்ளையர் தரவுத்தளமான சி.எஸ்.டி.யில் பதிய வேண்டும். அதுவும் இலவசம். இங்கே ஒரு நடைமுறை விஷயம். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் வியாபாரியின் சொந்த ஃபோனிலேயே உருவாகட்டும். “ஏஜென்ட்” ஒருவர் தன் மின்னஞ்சலில் பதிந்து கொடுத்துவிட்டு நம்பரை மாற்றிக்கொண்டு போய்விட்டால், அந்தப் பதிவை மீட்பது பெரும் பாடு. மேசையில் உட்காருகிறவரும் அந்த ஏஜென்ட் ஆகிவிடக் கூடாது.

சாப்பாட்டுத் தொழிலுக்குத்தான் காகிதம் அதிகம். 2018 ஜூன் 22-ல் வந்த ஆர்.638 விதிகளின்படி, உணவு தயாரிக்கும் இடத்துக்கு மாநகராட்சிச் சுகாதார அதிகாரி பார்வையிட்டுத் தரும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இடத்துக்கும் பொறுப்பாளருக்கும் சேர்த்துத்தான், இன்னொரு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. பொறுப்பாளர் உணவுப் பாதுகாப்புப் பயிற்சியும் எடுத்திருக்க வேண்டும். 2024-ல் ஸ்பாஸா என்கிற பெட்டிக்கடைகளின் தின்பண்டம் சாப்பிட்டுக் குழந்தைகள் இறந்த பிறகு, ஸ்பாஸா கடைகளும் உணவு கையாளும் மற்ற இடங்களும் மாநகராட்சியில் பதிய வேண்டும் என்று ஜனாதிபதி உத்தரவிட்டார். அந்தக் கெடு 2025 பிப்ரவரி 28 வரை நீண்டது. அதிலிருந்து அதிகாரிகள் கேட்கும் கேள்விகள் கூடியிருக்கின்றன.

ஃபிளாட் சமையலறையில் இரண்டு அடுப்பு, ஒரு தொட்டி, பூனை ஒன்று. சான்றிதழ் எப்படிக் கிடைக்கும்? இங்கேதான் அமைப்பு உள்ளே வர வேண்டும். கோயில் ஹாலின் சமையலறை வருடத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கிறது. அதில் கைகழுவத் தனித் தொட்டி, வெந்நீர், கழுவக்கூடிய சுவர், பூச்சி வராத வலை எல்லாம் போட்டு, அமைப்பின் பொறுப்பாளர் பெயரில் சான்றிதழ் வாங்கி, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுங்கள். ஒரு சமையலறை, பல தொழில். கோயில் சமையலறையில் மட்டன் சமோசா முடியாது, முட்டை கேக்கும் முடியாது. முறுக்கு, இனிப்பு, ஊறுகாய், பொரிவிளங்காய் உருண்டை எல்லாம் தாராளமாக. அசைவக்காரர்களுக்குச் சமூகக் கூடத்தையோ பள்ளிச் சமையலறையையோ தேடுங்கள்.

வாடகை வாங்கினால் அது வியாபார வருமானம் ஆகிவிடாதா என்று பொருளாளர் பயப்படுவார். பி.பி.ஓ.வுக்குச் சட்டமே ஓர் அளவு கொடுத்திருக்கிறது. மொத்த வரவில் 5 சதவீதம் அல்லது 2 லட்சம் ரேண்ட், இரண்டில் எது அதிகமோ அது வரை வியாபார வருமானத்துக்கு வரி இல்லை. அதற்குள் நின்றுகொள்ளுங்கள்.

பாக்கெட்டில் போட்டு விற்றால் லேபிள் வேண்டும். பொருளின் பெயர், எடை குறையும் வரிசையில் சேர்மானங்கள், ஒவ்வாமைப் பொருள்கள், நிகர எடை, தயாரித்தவர் பெயர் முகவரி, தேதி, தயாரான நாடு. முறுக்கு மாவில் வெண்ணெய் போட்டால் பால் என்று எழுத வேண்டும். கொஞ்சம் கோதுமை மாவு கலந்தால் அதையும். “எல்லாருக்கும் தெரிஞ்ச முறுக்குதானே” என்பது சூப்பர்மார்க்கெட் வாசலில் செல்லாது.

விலைக் கணக்கு

காகிதம் முடிந்ததும், ஒவ்வொருவரையும் உட்கார வைத்து ஒரு கணக்குப் போடுங்கள். சும்மா ஓர் உதாரணம்: 10 பாக்கெட் முறுக்குக்கு மாவு, எண்ணெய், வெண்ணெய் 120 ரேண்ட். கேஸ் 25. கவரும் லேபிளும் 20. மார்க்கெட்டுக்குப் போய்வர டாக்ஸி 40. மொத்தம் 205. ஒரு பாக்கெட் 25 ரேண்டுக்கு விற்றால் 250 வரும். கையில் நிற்பது 45. பிசைந்து, பிழிந்து, பொரித்து, விற்க 5 மணி நேரம் என்றால் மணிக்கு 9 ரேண்ட். 2025 மார்ச்சில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 28.79 ரேண்ட்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் ஆன்ட்டிகள் முதலில் சொல்வது, “என் உழைப்புக்கு என்ன காசு, வீட்ல சும்மாதானே இருக்கேன்.” அதை விடாதீர்கள். விலையைக் கூட்டலாம், அல்லது ஒரே தடவையில் 40 பாக்கெட் போட்டு டாக்ஸிச் செலவைப் பரப்பலாம், அல்லது நான்கு பேர் சேர்ந்து மொத்த மார்க்கெட்டில் எண்ணெய் வாங்கலாம். எது என்பதை அவர் முடிவு செய்யட்டும். கணக்குப் போடத் தெரிந்துகொள்வது பத்து நாள் தொழில்முனைவோர் பயிற்சியைவிடப் பெரிது. அந்தப் பயிற்சிகளில் கொடுக்கும் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு மாட்ட அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

வாடிக்கையாளரைக் கொண்டு வருவது

நம் கையில் ஏற்கனவே ஒரு சந்தை இருக்கிறது, அதை நாம் சந்தையாகப் பார்ப்பதில்லை. கோயில் நாட்காட்டியைத்தான் சொல்கிறேன். தைப்பூசக் காவடி, புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ, மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில்களில் கூடும் கூட்டம், சித்திரைப் பௌர்ணமி, ஆடிக் கூழ், புரட்டாசிச் சனி, தீபாவளி. ஒவ்வொன்றுக்கும் தேங்காய், எலுமிச்சை, கற்பூரம், மஞ்சள், செண்டுமல்லி மாலை, பால், வாழையிலை, வேப்பிலைக்குப் பதில் சிரிங்கா இலை என்று குவியல் குவியலாக வாங்குகிறோம். யாரிடம் வாங்குகிறோம் என்று கமிட்டியைக் கேட்டால், “எப்பவும் வாங்கற இடம்” என்பார்கள்.

உங்கள் பகுதியில் உள்ள கோயில் கமிட்டிகளிடம் போய் மூன்றே விவரம் வாங்குங்கள்: என்ன வாங்குகிறீர்கள், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் வேண்டும். அதை ஒரே தாளில் வருடத்துக்கும் எழுதினால், செண்டுமல்லி விதைப்பவருக்கு எப்போது விதைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். செண்டுமல்லி பூக்க ஏறக்குறைய இரண்டு, இரண்டரை மாதம் ஆகும். புனித வெள்ளிக்கு மார்ச்சில் விதைத்தால் கதை முடிந்தது. வெருலம், டொங்காட் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தாள் ஒரு கடனைவிட மதிப்பானது. டொங்காட் ஹுலெட் சர்க்கரை நிறுவனம் 2022 அக்டோபரில் திவால் மீட்பு நடவடிக்கைக்குள் போனதிலிருந்து, கரும்பை மட்டும் நம்பியிருக்கும் சிறு விவசாயிகளுக்கு வயிற்றில் கலக்கம்தான். பூவும் கீரையும் கரும்பை ஈடுகட்டாது. ஆனாலும் மாதப் பணம் வரும்.

கோயில் கமிட்டியிடம் இன்னொன்றும் கேளுங்கள். முன்பணம். விழாவுக்கு மூன்று வாரம் முன்பு பாதித் தொகை கொடுத்தால் வியாபாரி வட்டிக்காரரிடம் போக மாட்டார். கமிட்டி தயங்கினால் அமைப்பு நடுவில் நின்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக் கொடுக்கலாம்.

கோயிலுக்கு வெளியே பெரிய வாங்குநர்கள் கம்பெனிகள். இங்கே பி-பி.பி.இ.இ. புள்ளிக் கணக்கு உதவிக்கு வரும். வரிக்குப் பிந்தைய லாபத்தில் சமூகப் பொருளாதார மேம்பாட்டுக்கு 1 சதவீதம், தொழில் மேம்பாட்டுக்கு 1 சதவீதம், சப்ளையர் மேம்பாட்டுக்கு 2 சதவீதம் என்று பெரிய நிறுவனங்கள் செலவழித்தால் முழுப் புள்ளி. தெற்கு டர்பனில் தொழிற்சாலைகளுக்குக் குறைவில்லை. அவர்களிடம் “டொனேஷன் கொடுங்க” என்று போகாமல், “உங்கள் கேன்டீனுக்கு மாதம் இவ்வளவு ரொட்டி, இவ்வளவு காய்கறி, காகிதம் சரியாக உள்ள இந்த ஏழெட்டு சப்ளையர்களிடமிருந்து” என்று போங்கள். பயனாளிகளில் 75 சதவீதத்துக்கு மேல் கறுப்பினத்தவர் என்று எழுத்தில் காட்டினால், சமூக மேம்பாட்டுப் பணத்துக்கு அவர்களுக்கு முழு அங்கீகாரம் கிடைக்கும். நம் ஊரில் அது கஷ்டமே இல்லை.

இடத்துக்காக நிற்பது

வியாபாரிக்கு இடம் போனால் எல்லாம் போச்சு. இதில் கற்றுக்கொள்ள வார்விக்கைவிட நல்ல பாடம் இல்லை. டர்பன் நகரின் அந்தச் சந்திப்பை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4,60,000 பேர் கடக்கிறார்கள் என்று சொல்லப்படுகிறது. நடுவில் இருக்கும் அதிகாலைச் சந்தை 1910-ல் வந்தது. ஒப்பந்தக் கூலிக் காலம் முடிந்து தோட்டம் போட்ட நம் முன்னோர் தலையில் கூடை சுமந்து வந்து விற்ற மரபின் தொடர்ச்சி அது. 2009-ல், கால்பந்து உலகக் கோப்பைக்கு முன்னால், அந்தச் சந்தையை எடுத்துவிட்டு மால் கட்ட மாநகராட்சி திட்டம் போட்டது. வியாபாரிகள், தமிழர், ஸூலுக்கள் என்று பாராமல் தெருவில் நின்றார்கள். சட்ட வள மையம் வழக்கை எடுத்துக்கொண்டது. மால் வரவில்லை, சந்தை இன்றும் இருக்கிறது.

அங்கே 2008-லிருந்து வேலை செய்யும் அசியே எடஃபுலேனி என்ற அமைப்பை, மாநகராட்சியில் முன்பு வேலை பார்த்த இருவர் தொடங்கினார்கள். அவர்களுக்கு நிர்வாகத்தின் மொழியும் தெரியும், நடைபாதையின் மொழியும் தெரியும். அட்டை பொறுக்குகிறவருக்கு ஏற்ற தள்ளுவண்டியை அவரோடு உட்கார்ந்தே வடிவமைப்பது, சந்தைக்குள் சுற்றுலாப் பயணிகளை வியாபாரிகளே அழைத்துப் போவது, பிரச்சினை வந்தால் வக்கீலைத் தேடுவது. உணவுப் பொட்டலத்தோடு நிற்காத ஓர் உள்ளூர் அமைப்பு எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் அங்கேதான் கை காட்டுவேன்.

2015-ல் டர்பன் உயர் நீதிமன்றம், தெரு வியாபாரியின் சரக்கைப் பறிமுதல் செய்ய மாநகராட்சிக்கு இஷ்டத்துக்கு அதிகாரம் தந்த துணைவிதிகளை அரசியல் சாசனத்துக்கு முரண் என்று தள்ளியது. இதை ஒரே பக்கத்தில் தமிழிலும் ஸூலுவிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்து மேசைக்கு மேசை கொடுங்கள். மெட்ரோ போலீஸ் வந்து நிற்கும் நேரத்தில் அந்தத் தாள் பேசும்.

சண்டைக்கு முன்னால் மேசைப் பேச்சும் இருக்கிறது. மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்கும். ஐ.டி.பி. என்கிற ஒருங்கிணைந்த மேம்பாட்டுத் திட்டத்தின் வரைவும் பட்ஜெட் வரைவும் மார்ச் முடிவுக்குள் மன்றத்தில் வைக்கப்படும். மக்கள் கருத்துக்கு ஏப்ரல், மே. அந்தச் சமயத்தில் வார்டு கமிட்டியில் ஒருவர் எழுந்து, “மார்க்கெட்டுக்குக் கழிப்பறை, தண்ணீர்க் குழாய், கூரை” என்று எழுத்தில் கொடுத்தால் அது பதிவாகும். செப்டம்பரில் கவுன்சிலர் வீட்டுக்குப் போய்க் கத்தினால் டீ கிடைக்கும். வார்டு கமிட்டியில் இடங்கள் குறைவுதான். உங்கள் வியாபாரிகளில் ஒருவர் அதற்கு நிற்கட்டும்.

இளைஞர்கள்

வேலையின்மை 30 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும் நாட்டில் இதைத் தொடாமல் இருக்க முடியாது. ஆனால் ஒரு சின்ன அமைப்பால் வேலை உண்டாக்க முடியாது, இடம் கொடுக்க முடியும். 2018-ல் தொடங்கிய யெஸ் திட்டத்தில் 18 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு 12 மாத வேலை அனுபவம். சம்பளம் கம்பெனி கொடுக்கும், இளைஞரை உங்களைப் போன்ற அமைப்பில் வைத்து வேலை வாங்கலாம். காகித மேசையில் உட்காரவும், மார்க்கெட் பட்டியலைப் புதுப்பிக்கவும் இவர்களைவிடச் சரியான ஆள் இல்லை. ஆனால் அவரைத் தேங்காய் தூக்க மட்டும் வைத்துக்கொண்டால் 12 மாதம் கழித்து அவருடைய சி.வி.யில் எழுத ஒன்றும் இருக்காது.

ஒப்பந்தக் கூலியாக வந்த எம். எல். சுல்தான் கொடுத்த பணத்தில் எழுந்த தொழிற்கல்லூரிதான் இன்றைய டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு வேர். தொழில் கற்றுக்கொடுக்க ஊரே கைபோட்ட பழக்கம் நமக்குப் புதிதில்லை.

கடன், கடைசியாக

இங்கே நிறைய பேர் வழுக்குகிறார்கள். அமைப்பு வட்டியோ கட்டணமோ வாங்கிக் கடன் கொடுத்தால், 2005-ஆம் வருடத் தேசியக் கடன் சட்டத்தின்படி தேசியக் கடன் ஒழுங்குமுறை அமைப்பில் பதிய வேண்டும். 2016 நவம்பரிலிருந்து தொகை எவ்வளவு சின்னது என்பது பேச்சே இல்லை. “500 ரேண்ட்தானே” என்பது பதிலாகாது.

ஆகவே மூன்று பாதுகாப்பான வழிகள். ஒன்று, வட்டியில்லாமல் பொருளாகக் கொடுப்பது, உதாரணமாக ஒரு கிரைண்டரைக் கொடுத்து அதன் விலையைத் தவணையில் திருப்பித் தரச் சொல்வது. இரண்டு, வியாபாரிகளே தங்களுக்குள் நடத்தும் ஸ்டொக்வெல். நம் சீட்டுப் போலத்தான். அமைப்பு பக்கத்தில் இருந்து கணக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கலாம், பணத்தைத் தொடக் கூடாது. மூன்று, தகுதியானவரை உரிய இடத்துக்கு அனுப்புவது. சிறு தொழிலுக்கு ஆலோசனை தந்த சேடாவும் கடன் தந்த சேஃபாவும் 2024 அக்டோபரில் சேட்ஃபா என்று ஒன்றாகிவிட்டன, ஆலோசனையும் கடனும் ஒரே கதவுக்குள். இளைஞருக்குத் தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனமான என்.ஒய்.டி.ஏ. இருக்கிறது, மாகாணத்தில் இத்தாலா மேம்பாட்டு நிதிக் கழகம் இருக்கிறது. காகிதம் சரியாக இருப்பவர் அங்கே போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

கூட்டுறவுச் சங்கம் தொடங்கலாமா என்று கேட்பார்கள். 5 பேர் இருந்தால் பதியலாம். நான் அவசரப்பட மாட்டேன். 2009-ல் அரசே எடுத்த கணக்கில், பதிந்த ஏறக்குறைய 22,000 கூட்டுறவுகளில் 2,600 சொச்சம்தான் உயிரோடு இருந்தன. மானியத்துக்காகக் கூடியவர்கள் மானியம் முடிந்ததும் கலைந்தார்கள். ஒரு வருடம் சேர்ந்து எண்ணெய் வாங்கிப் பார்க்கட்டும், அப்புறம் பதியலாம்.

அமைப்புக்கே பணம் வேண்டும் என்றால் லாட்டரி ஆணையத்துக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் இலவசம். அங்கே நடந்த மோசடிகளை 2020-லிருந்து சிறப்புப் புலனாய்வுப் பிரிவு தோண்டிக்கொண்டிருக்கிறது. செயலிழந்த அமைப்புகளின் பெயரைக் கடத்தி மானியம் எடுத்த கதைகள் வெளிவந்திருக்கின்றன. உங்கள் என்.பி.ஓ. சான்றிதழின் நகலைக் கண்டவர் கையில் கொடுக்காதீர்கள். “பாதிப் பங்கு கொடுத்தால் பாஸ் பண்ணித் தருகிறேன்” என்று வருபவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எதை எண்ணுவது

நிதி கொடுப்பவர்கள் எத்தனை பேருக்குப் பயிற்சி என்று கேட்பார்கள். கேட்டதைக் கொடுங்கள். ஆனால் உங்களுக்காக வேறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வியாபாரிக்கும் ஒரு பக்கம். சேர்ந்த மாதம் எவ்வளவு விற்றார், இப்போது எவ்வளவு விற்கிறார், மூன்றாவது வாரம் எப்படி இருக்கிறது, யாருக்காவது கூலி கொடுக்கிறாரா, எந்தக் காகிதம் எப்போது காலாவதி. அஃபிடவிட் 12 மாதம் என்பதால் அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே வாட்ஸ்அப் போக வேண்டும். விற்பனையைச் சொல்லத் தயங்குகிறவரிடம் வற்புறுத்தாதீர்கள். வாரத்துக்கு எத்தனை கிலோ மாவு வாங்குகிறார் என்று கேட்டாலே போதும்.

அந்த நோட்டில் ஓராண்டாக ஒன்றும் அசையாத பக்கங்கள் இருக்கும். அவர்களிடம் நேராகப் பேசுங்கள். சிலருக்கு வியாபாரம் ஒத்துவராது, ஒரு வேலைதான் வேண்டும். அவரை யெஸ் பக்கமோ, காகிதம் சரியாகி ஆள் தேடும் இன்னொரு வியாபாரியிடமோ அனுப்புங்கள். சிலருக்கு உடம்பு முடியாது, அவருக்கு ஹாம்பர்தான் சரி. அதைக் கொடுக்க வெட்கப்பட வேண்டாம்.

இன்னும் சிலர், நீங்கள் எதிர்பார்ப்பதற்கு முன்பே, அஃபிடவிட்டைத் தாங்களே போலீஸ் நிலையத்தில் புதுப்பித்துக்கொண்டு, சி.எஸ்.டி.யில் தாங்களே உள்ளே போய் முகவரி மாற்றிக்கொண்டு, சனிக்கிழமை மேசைக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். ஃபோன் போட்டு ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். பக்கத்தை மூடி, தேதி போட்டு, காத்திருப்போர் பட்டியலில் அடுத்து இருப்பவரை வரச் சொல்லுங்கள்.